எண்பத்தேழைக் கழித்துப் பாருங்கள்: லிங்கனுக்குள் 1776-ஐத் தேடிப் படிக்கும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டப்புறத்தில் ஒரு வாசிப்புக் குழு அமெரிக்க அதிபர் ஆபிரகாம் லிங்கனைப் படிக்க உட்கார்ந்தால், முதலில் கைக்கு வருவது அவர் தம் மகனின் ஆசிரியருக்கு எழுதியதாகச் சொல்லப்படும் கடிதம்தான். ஆசிரியர் தினம் வந்தால் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் அது தவறாமல் வந்துவிடும். நல்ல கடிதம்தான், ஆனால் அதை லிங்கன் எழுதவில்லை. அவருடைய எழுத்துத் தொகுப்பில் அது இல்லை. அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத் தொடங்குங்கள். யார் எழுதியது என்று உறுதியாகத் தெரியாத எதையும் மேசைக்குக் கொண்டுவருவதில்லை என்பதே குழுவின் முதல் விதியாக இருக்கட்டும்.

இங்கே நாம் தேடுவது ஒரே கேள்விக்கு விடை. 1776-லும் 1787-லும் அமெரிக்காவை நிறுவியவர்கள் எழுதி வைத்த கருத்து, இரண்டு தலைமுறை தள்ளி வந்த லிங்கனின் சிந்தனைக்குள் எப்படி இறங்கியது, இறங்கியபின் அவர் கையில் என்னவாக மாறியது? யாரோ சொல்லிக் கேட்டு நம்பவேண்டிய விஷயமில்லை இது. மூலப் பேச்சுகளை ஆண்டு வரிசைப்படி அடுக்கினால் கண்ணுக்கே தெரியும். நான்கு சனிக்கிழமை மாலை, தலா ஒன்றரை மணி நேரம் போதும்.

எட்டிலிருந்து பத்துப் பேர் சரியான அளவு. இடைநிலைப்பள்ளியில் படிவம் 4, 5 படிக்கும் பிள்ளைகள் பாதி, பெரியவர்கள் பாதி என்று சேருங்கள். பிள்ளைகளுக்கு ஆங்கில மூலம் கைவரும். பெரியவர்களுக்குத் தோட்டத்துக் காலைப் பெரட்டில் பேர் கூப்பிடுவதும் தெரியும், தன் வேலையில் தனக்கே சொல் இல்லாமல் இருப்பது எப்படி என்பதும் தெரியும். இந்த இரண்டு அறிவும் ஒரே மேசையில் இருந்தால்தான் வாசிப்பு நகரும். பன்னிரண்டு பேரைத் தாண்டினால் எல்லாருக்கும் உரக்க வாசிக்க முறை வராது. வாசிக்காதவர் மூன்றாம் வாரம் வரமாட்டார்.

என்னென்ன வேண்டும்

நிறுவியவர்கள் பக்கம் மூன்று: 1776 ஜூலை 4 சுதந்திரப் பிரகடனத்தின் இரண்டாம் பத்தி, 1787 ஜூலை 13 வடமேற்கு நிலப்பகுதிச் சட்டத்தில் அங்கே அடிமைமுறையைத் தடைசெய்த ஆறாம் விதி, 1787 செப்டம்பர் 17 அரசமைப்புச் சட்டத்தில் அடிமைகளைத் தொடும் மூன்று இடங்கள். லிங்கன் பக்கம்: 1838 ஸ்பிரிங்ஃபீல்டு, 1854 பியோரியா, 1857 ஸ்பிரிங்ஃபீல்டு, 1858-இல் சிகாகோவும் சார்ல்ஸ்டனும், 1859-இல் ஹென்றி பியர்ஸ் முதலியோருக்கு எழுதிய கடிதம், 1860 கூப்பர் யூனியன், 1861-இல் எழுதிய சிறு குறிப்பு, 1863 கெட்டிஸ்பர்க், 1865 ஏப்ரல் 11 கடைசிப் பேச்சு. லிங்கன் தொகுப்பை மிச்சிகன் பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. முழுவதையும் அச்சடிக்காதீர்கள். பியோரியா பேச்சு மட்டுமே மூன்று மணி நேரம் பேசியது. ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு பக்கம் தேர்ந்தெடுத்து, ஆளுக்கு ஒரு படி எடுங்கள்.

பிறகு ஒரு பெரிய கோடு போட்ட நோட்டுப் புத்தகம். மூன்று பத்தி பிரியுங்கள்: ஆண்டு, அவர் பயன்படுத்திய சொல், யாருக்கு எதிராக அல்லது எதற்காகச் சொன்னார். மூன்றாவது பத்தியைக் காலியாக விடும் பழக்கம் எளிதில் வந்துவிடும். விட்டால் லிங்கன் பொன்மொழி உதிர்க்கும் சாமியாராகிவிடுவார். அவர் பேசியதெல்லாம் வழக்காடும் பேச்சு. எதிராளி யார் என்று தெரியாமல் வாதம் புரியாது.

தமிழில் படிப்பவர்கள் தடுக்கி விழும் மூன்று இடங்களை முதல் நாளே கரும்பலகையில் எழுதிவிடுங்கள். 1776-இல் வந்ததும் ‘பிரகடனம்’, 1863 ஜனவரி 1-இல் அடிமைகளை விடுவித்ததும் ‘பிரகடனம்’. எந்த இடத்திலும் ஆண்டைச் சேர்த்தே சொல்லுங்கள். அடுத்தது, லிங்கனோடு ஏழு மேடைகளில் வாதாடிய செனட்டர் ஸ்டீபன் டக்ளஸ் வேறு, அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்து விடுதலைக்குப் போராடிய பிரெடரிக் டக்ளஸ் வேறு. ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டு மாறும், தமிழில் இரண்டும் ஒன்றாகிவிடும். வெறும் ‘டக்ளஸ்’ என்று யாரும் சொல்லக்கூடாது. மூன்றாவது, 1776 வரைவை எழுதியவர் தாமஸ் ஜெபர்சன், அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தென்மாநிலக் கூட்டணியின் தலைவர் ஜெபர்சன் டேவிஸ்.

முதல் மாலை: வாக்கும் ஏற்பாடும்

1776 பிரகடனத்தின் இரண்டாம் பத்தியை ஆங்கிலத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை உரக்க வாசிக்கவேண்டும். மொழிபெயர்ப்பைக் குழுவே செய்யட்டும். சண்டை வரும் சொல் ‘சமம்’. எல்லாரும் ஒரே மாதிரி என்று எழுதினால் பின்னால் எல்லாம் கோணலாகும். எந்த உரிமையில் சமம் என்பதை அந்தப் பத்தியே சொல்கிறது: உயிர், சுதந்திரம், மகிழ்ச்சியை நாடுதல். அடுத்த வரியில் அரசின் அதிகாரம் ஆளப்படுவோரின் இசைவிலிருந்து வருகிறது என்கிறது. ‘சமம்’, ‘இசைவு’ இரண்டுக்கும் இரண்டு நிறப் பென்சில் வைத்துக் கோடு போடுங்கள். லிங்கன் கடைசிவரை இந்த இரண்டையும்தான் பிடித்துக்கொண்டிருந்தார். இன்னொன்றும் தனியாகக் குறிக்கவேண்டும்: இந்த உண்மைகள் ‘தாமே விளங்குபவை’ என்கிறது பிரகடனம். நான்காம் மாலை இந்தச் சொல் தேவைப்படும்.

பிறகு 1787 அரசமைப்பு. மூன்று இடங்கள் இருக்கின்றன. மக்கள் பிரதிநிதிகளின் எண்ணிக்கையைக் கணக்கிடும்போது அடிமைகளில் ஐந்து பேரை மூன்று பேராக எண்ணுவது ஒன்று. அடிமை இறக்குமதியை 1808 வரை நாடாளுமன்றம் தடைசெய்ய முடியாது என்பது இன்னொன்று. தப்பி ஓடியவரைத் திருப்பி ஒப்படைக்கவேண்டும் என்பது மூன்றாவது. பிள்ளைகளிடம் கணக்குக் கொடுங்கள்: ஒரு மாநிலத்தில் 50,000 அடிமைகள் என்றால் கணக்கில் ஏறுவது எத்தனை? 30,000. வாக்கு அவர்களுக்கு இல்லை, எண்ணிக்கையின் பலன் எசமானருக்கு. இது புரிந்தபின் ‘அடிமை’ என்ற சொல்லை அந்தச் சட்டத்தில் தேடச் சொல்லுங்கள். எங்கும் கிடைக்காது. ‘மற்ற ஆட்கள்’, ‘வேலைக்குக் கட்டுப்பட்டவர்’ என்று சுற்றிவளைத்து எழுதியிருப்பார்கள். உடம்பில் கட்டி வந்தவன் அதை மறைத்து வைப்பதைப்போல மறைத்தார்கள் என்று 1854-இல் லிங்கன் சொன்னார். வெட்டினால் அந்த நேரமே செத்துப்போவோம் என்ற பயம், ஆனால் ஒருநாள் வெட்டியாகவேண்டும் என்ற நினைப்பு, இரண்டும் அந்த மறைப்பில் இருக்கிறது என்பது அவர் வாதம்.

ஜெபர்சனைப் பற்றி மூடி மறைக்கவேண்டாம். எல்லா மனிதரும் சமம் என்று எழுதிய கை, வாழ்நாளில் அறுநூறு பேருக்கு மேல் அடிமைகளாக வைத்திருந்த கை. பெரியவர்கள் இதைக் கேட்டதும் புத்தகத்தை மூடப் பார்ப்பார்கள். மூடாதீர்கள். எழுதியவனைவிட எழுத்து பெரிதாக முடியுமா என்பதுதான் லிங்கன் வாழ்நாளெல்லாம் மோதிய கேள்வி.

இரண்டாம் மாலை: யார் பிள்ளைகள்?

வழக்கமாக எல்லாரும் கெட்டிஸ்பர்க்கில் தொடங்குவார்கள். அது முடிவு, தொடக்கம் இல்லை. தோட்டப்புறத்துக் குழு 1858 ஜூலை 10 சிகாகோ பேச்சில்தான் தொடங்கவேண்டும், ஆனால் அதற்கு முன் 1838-இலிருந்து ஒரே ஒரு வாக்கியம்.

1838 ஜனவரி 27-இல் லிங்கனுக்கு வயது 28. ஸ்பிரிங்ஃபீல்டு இளைஞர் மன்றத்தில் பேசுகிறார். விடுதலைப் போரில் நின்றவர்கள் சுதந்திரம் என்ற கோயிலின் தூண்கள், அந்தத் தூண்கள் உதிர்ந்துவிட்டன, அவர்களின் ‘வழித்தோன்றல்களாகிய நாம்’ அறிவு என்ற கற்சுரங்கத்திலிருந்து வேறு தூண்களை வெட்டி நிறுத்தாவிட்டால் கோயில் விழும் என்கிறார். ‘வழித்தோன்றல்’ என்ற சொல்லுக்கு வட்டம் போடுங்கள். நோட்டில் எழுதுங்கள்: 1838, இரத்த வழி.

இருபது ஆண்டு தள்ளி சிகாகோ. ஜூலை 4 கொண்டாட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வருகிறார். ஏறக்குறைய எண்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்களை நம் தந்தையர் என்கிறோம். ஆனால் நம்மில் பாதிப்பேர் அவர்களுக்குப் பிறந்தவர்கள் இல்லையே என்று நிறுத்துகிறார். ஜெர்மனியிலிருந்து, அயர்லாந்திலிருந்து, பிரான்சிலிருந்து, ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்தவர்கள், அல்லது வந்தவர்களின் பிள்ளைகள். இரத்தத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் அந்தக் காலத்தோடு இவர்களுக்கு எந்த ஒட்டும் இல்லை. ஆனால் 1776 பிரகடனத்தைத் திறந்து ‘எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள்’ என்பதைப் படிக்கும்போது, அந்த வரியே தங்களுக்கும் தந்தை என்று உணர்கிறார்கள். எழுதியவர்களின் இரத்தத்தின் இரத்தமும் சதையின் சதையுமாக அதை உரிமை கொண்டாடலாம் என்கிறார். அந்த வரியைத்தான் இதயங்களை இணைக்கும் மின்கம்பி என்றார்.

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். பத்து நிமிடம் யாரும் விளக்கம் சொல்லாமல் இரண்டு பேச்சையும் மாறி மாறி வாசிக்க விடுங்கள். பால்மரம் வெட்ட வந்தவர்களின் பேரன் பேத்திகள் உட்கார்ந்திருக்கும் மேசையில் இதற்கு உரை தேவைப்படாது. நோட்டில் எழுதுங்கள்: 1858, கருத்து வழி. நிறுவியவர்களிடமிருந்து லிங்கன் எடுத்துக்கொண்டது இதுதான், அதை அவர் மாற்றியதும் இதே இடத்தில்தான். 1838-இல் அவர் நினைத்தது பரம்பரைச் சொத்து. 1858-இல் அதுவே கதவு.

பிறகு 1854 அக்டோபர் 16 பியோரியா. நோட்டின் மூன்றாவது பத்தியை நிரப்ப இந்தப் பின்னணி வேண்டும். 1820 மிசூரி உடன்பாடு, பிரான்சிடமிருந்து வாங்கிய நிலப்பரப்பில் 36 பாகை 30 கலைக்கு வடக்கே அடிமைமுறையைத் தடுத்தது. 1854 மே 30-இல் வந்த கேன்சஸ்-நெப்ராஸ்கா சட்டம் அதை நீக்கி, அங்கே குடியேறுபவர்களே தீர்மானிக்கட்டும் என்று விட்டது. கொண்டுவந்தவர் ஸ்டீபன் டக்ளஸ். மக்கள் தாமே தீர்மானிப்பது ஜனநாயகம் அல்லவா என்று குழுவில் யாராவது கேட்பார்கள். கேட்கவேண்டும். லிங்கனின் பதில் ‘இசைவு’ என்ற சொல்லிலிருந்து வருகிறது: இன்னொருவனின் இசைவில்லாமல் அவனை ஆளும் அளவுக்கு நல்லவன் எவனும் இல்லை. தன்னைத் தானே ஆள்வது சுயாட்சி, தன்னோடு சேர்த்து இன்னொருவனையும் ஆள்வது கொடுங்கோல். முதல் மாலை இசைவுக்குப் போட்ட நிறத்தையே இங்கேயும் போடுங்கள்.

மூன்றாம் மாலை: எதிராளிகளும் கணக்கும்

1857 மார்ச் 6-இல், அடிமையாக இருந்த டிரெட் ஸ்காட் விடுதலை கேட்டுத் தொடுத்த வழக்கில் தலைமை நீதிபதி ரோஜர் டானி, 1776 பிரகடனம் கறுப்பின மக்களைச் சேர்த்துச் சொல்லவில்லை என்று தீர்ப்பெழுதினார். ஜூன் 26-இல் லிங்கன் பதில் சொன்னார். நிறத்திலோ அறிவிலோ உருவத்திலோ எல்லாரும் சமம் என்று அவர்கள் சொல்லவில்லை, குறிப்பிட்ட சில உரிமைகளில் சமம் என்றார்கள். அன்றே எல்லாரும் அதை அனுபவிக்கிறார்கள் என்றும் சொல்லவில்லை. உரிமையை அறிவித்து வைத்தார்கள், சூழ்நிலை இடம்கொடுக்கக் கொடுக்க நடைமுறை பின்னால் வரட்டும் என்று. சுதந்திரச் சமுதாயத்துக்கு அது ஓர் அளவுகோல் என்பது அவர் கருத்து.

இதோடு 1861 மார்ச் 21 பேச்சு ஒன்றைச் சேர்த்து வாசியுங்கள். தென்மாநிலக் கூட்டணியின் துணைத்தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீவன்ஸ் பேசியது. ஜெபர்சன் காலத்து முன்னணித் தலைவர்களில் பெரும்பாலோர் அடிமைமுறை இயற்கைக்கு விரோதம் என்றுதான் நினைத்தார்கள், அந்த நினைப்பு தவறு, எங்கள் அரசு அதற்கு நேர் எதிரான கருத்தின்மேல் நிற்கிறது என்றார். டானி சொன்னது, அவர்கள் அப்படி நினைக்கவே இல்லை என்று. ஸ்டீவன்ஸ் சொன்னது, நினைத்தார்கள், ஆனால் தப்பாக நினைத்தார்கள் என்று. லிங்கனை எதிர்த்த இரண்டு பேர் ஒருவரையொருவர் வெட்டுகிறார்கள். பிள்ளைகள் தாமாகவே இதைக் கண்டுபிடிக்கட்டும், முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

அடுத்தது கூப்பர் யூனியன், நியூயார்க், 1860 பிப்ரவரி 27. இதைப் படிக்க 39 ரப்பர் கொட்டை வேண்டும், கிடைக்காவிட்டால் புளியங்கொட்டை. அரசமைப்பில் கையெழுத்திட்டவர்கள் 39 பேர். இந்த விவகாரம் நம் தந்தையருக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும் என்று ஸ்டீபன் டக்ளஸ் சொன்ன வாக்கியத்தையே லிங்கன் எடுத்துக்கொண்டு, அப்படியானால் அவர்கள் எப்படி வாக்களித்தார்கள் பார்ப்போம் என்று ஒவ்வொருவராக எண்ணினார். புதிய நிலப்பகுதிகளில் அடிமைமுறையைக் கட்டுப்படுத்த மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டா என்பது கேள்வி. 1784-இல் 4 பேர், 1787-இல் 2, 1789-இல் 17, 1798-இல் 3, 1804-இல் 2, 1819-20-இல் 2. கூட்டினால் 30. குழு இங்கேதான் தவறும். 30 கொட்டையை ஒதுக்கிவிட்டு மகிழ்ந்துபோகும். ஆனால் ஐந்து பேர் இரண்டு முறையும் ஒருவர் மூன்று முறையும் எண்ணிக்கையில் வந்திருக்கிறார்கள் என்று லிங்கனே சொல்லிக் கழிக்கிறார். 30-இலிருந்து 7 போனால் 23. அதில் 21 பேர் அதிகாரம் உண்டு என்ற பக்கம், 2 பேர் மறுபக்கம். பதிவு இல்லாதவர்கள் 16. முப்பத்தொன்பதில் 21 என்பது தெளிவான பெரும்பான்மை. கொட்டைகளை மூன்று குவியலாக வைத்தால் அந்தப் பேச்சின் எலும்புக்கூடு மேசையில் தெரியும். தனக்குச் சாதகமான 30-ஐ விட்டு உண்மையான 23-க்கு அவர் இறங்கிவந்தது, அவரை நம்பிப் படிக்க எங்களுக்குப் போதுமான காரணம்.

அதே மாலையில் 1858 செப்டம்பர் 18 சார்ல்ஸ்டன் பேச்சையும் படித்தாகவேண்டும். வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் சமூக, அரசியல் சமத்துவம் வேண்டும் என்று தாம் சொல்லவில்லை என்று லிங்கன் கூட்டத்தில் சொன்னார். கறுப்பருக்கு வாக்குரிமை இல்லை, நீதிமன்ற நடுவராக அமரும் உரிமை இல்லை என்ற நிலையை அவர் அன்று எதிர்க்கவில்லை. சிகாகோவுக்கும் இதற்கும் இடையில் பத்து வாரம்தான். இதைத் தாள்கட்டிலிருந்து உருவிவிட்டால் படிப்பு வழிபாடாகும். இதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எறிந்தாலும் அதே தவறு. நோட்டில் இரண்டையும் அடுத்தடுத்த வரியில் எழுதுங்கள்.

நான்காம் மாலை: கழித்தல்

கெட்டிஸ்பர்க் பேச்சு ஏறக்குறைய 270 சொற்கள். 1863 நவம்பர் 19. வாசிக்கும் முன் முதல் வரியை மட்டும் எழுதிக் கணக்குப் போடச் சொல்லுங்கள். ‘நான்கு இருபதும் ஏழும்’ ஆண்டுகளுக்கு முன். நான்கு இருபது 80, ஏழு சேர்த்தால் 87. 1863-இலிருந்து 87 போனால் 1776. அரசமைப்பு எழுதிய 1787-இலிருந்து நாட்டை எண்ணியிருந்தால் 76 என்று சொல்லியிருக்கவேண்டும். அவர் சொல்லவில்லை. நாட்டின் பிறப்பு 1787-இன் ஏற்பாட்டில் இல்லை, 1776-இன் வாக்கில் இருக்கிறது என்பதைத் தேதியாலேயே சொல்லிவிட்டார். தமிழில் ‘எண்பத்தேழு ஆண்டுகளுக்கு முன்’ என்று மொழிபெயர்த்தால் அர்த்தம் கெடாது, ஆனால் பைபிள் நடையின் கனம் போய்விடும். அந்தக் கனத்தைத் தமிழில் எப்படிக் கொண்டுவருவது என்று பெரியவர்களிடம் விட்டுவிடுங்கள்.

இப்போது நோட்டைப் பின்னால் புரட்டுங்கள். 1854 பியோரியாவில் ‘ஏறக்குறைய எண்பது ஆண்டுகளுக்கு முன்’ எல்லாரும் சமம் என்று தொடங்கினோம் என்றார். 1858 சிகாகோவில் ‘ஏறக்குறைய எண்பத்திரண்டு’. 1863 ஜூலை 7, கெட்டிஸ்பர்க், விக்ஸ்பர்க் போர்களின் வெற்றிச் செய்திகள் வந்து மக்கள் வீட்டு முன்னால் கூடியபோது, முன்தயாரிப்பில்லாமல் பேசுகிறார்: எத்தனை காலமாயிற்று, ‘எண்பது சொச்சம் ஆண்டு’ இருக்குமா? நவம்பரில் அது 87 என்று நேராக வந்து நிற்கிறது. ஒன்பது ஆண்டுகளாக ஒரே மனிதர் ஒரே தேதியை எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறார். தனித்தனியாக வாசித்தால் இது கண்ணில் படாது, அதற்காகத்தான் நோட்டில் ஆண்டு எழுதும் அந்த முதல் பத்தி. ‘நம் தந்தையர்’ என்று அவர் தொடங்கும்போது யாரைப் பிள்ளைகளாக நினைத்துச் சொல்கிறார் என்பதும் சிகாகோவைப் படித்தவர்களுக்கு மட்டுமே தெரியும்.

இன்னொரு சொல்லையும் பின்தொடருங்கள். 1776-இல் சமத்துவம் தானே விளங்கும் உண்மை. 1859 ஏப்ரல் 6 கடிதத்தில் லிங்கன், ஜெபர்சனின் கொள்கைகள் சுதந்திரச் சமுதாயத்தின் வரையறைகள், நிரூபணம் கேட்காத ஆதாரக் கூற்றுகள் என்கிறார். கணிதச் சொற்கள். யூக்ளிட்டின் ஆறு நூல்களைப் படித்து ஏறக்குறையத் தேர்ந்தவர் என்று தம்மைப் பற்றி எழுதியவர் அவர். அதே கடிதத்தில் அந்தக் கொள்கைகளை இன்று மறுக்கிறார்கள் என்று வருந்துகிறார். கெட்டிஸ்பர்க்கில் சமத்துவத்துக்கு அவர் வைத்த பெயர் வேறு: நிரூபிக்கவேண்டிய கூற்று. நடுவே வடக்குக்கும் தெற்குக்கும் உள்நாட்டுப் போர் வந்துவிட்டது. இந்த இரண்டு சொல்லையும் தமிழில் ‘கொள்கை’ என்று ஒரே சொல்லாக்கினால் அந்த மாற்றம் மறைந்துபோகும். மொழிபெயர்ப்பில் இதைவிடப் பெரிய இழப்பு இந்தத் தாள்கட்டில் இல்லை.

1861 குறிப்பு அரைப் பக்கம். நீதிமொழிகள் 25:11-இல் வரும் வெள்ளிச் சட்டகத்தில் பொன் ஆப்பிள் என்ற உவமையை எடுத்து, 1776-இன் வாக்கு பொன் ஆப்பிள், அரசமைப்பும் ஒன்றியமும் அதைச் சுற்றிய வெள்ளிச் சட்டகம் என்கிறார். ஆப்பிளுக்காகச் சட்டகம், சட்டகத்துக்காக ஆப்பிள் இல்லை. தமிழில் ‘சட்டம்’ என்றால் படத்தின் விளிம்பும் சட்டம், அரசின் விதியும் சட்டம். இரண்டும் ஒன்றாகிவிடாமல் ‘சட்டகம்’ என்றே எழுதுங்கள். வேகமாகக் கடந்துவிடலாம், நோட்டில் இருக்கும் எல்லாமே இதற்குள் அடங்கும்.

1865 ஏப்ரல் 11 கடைசி வரி. அறிவில் சிறந்த கறுப்பருக்கும், போரில் நின்ற கறுப்பு வீரருக்கும் வாக்குரிமை தரலாம் என்று வெளிப்படையாகச் சொன்னார். சார்ல்ஸ்டனிலிருந்து இங்கே வர ஆறரை ஆண்டு. மூன்று நாள் கழித்துச் சுடப்பட்டார். 1857-இல் அவர் சொன்ன ‘நடைமுறை பின்னால் வரட்டும்’ என்பதை இந்த வரிக்கு எதிரே எழுதிவைத்துப் பாருங்கள்.

நேரம் இருபது நிமிடம் மிஞ்சினால், மலாயாவின் 1957 ஆகஸ்ட் 31 மெர்டேக்கா (சுதந்திர) பிரகடனத்தை அதே முறையில் வாசியுங்கள். உள்ளூர் அரசியல் சண்டையாக மாற விடாதீர்கள். ஆண்டு, சொல், எதற்காக என்ற மூன்று பத்திதான் இங்கேயும். ‘மகிழ்ச்சி’ என்ற சொல்லைத் தேடச் சொல்லுங்கள், இரண்டு பிரகடனத்திலும் இருக்கிறது. 1776-இல் மகிழ்ச்சியை நாடுவது தனிமனிதனின் உரிமை. 1957-இல் சுதந்திரம், நீதி என்ற அடித்தளத்தின்மேல் நின்று மக்களின் நலத்தையும் மகிழ்ச்சியையும் என்றும் நாடுவது நாடு. நாடுபவர் யார் என்று நோட்டில் இரண்டு பெயர் எழுதி, பக்கத்தைத் திறந்தே வையுங்கள்.